பினாங்கில் ஒரு நாள்: உல்லாசக் கப்பலில் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பல குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி எழும்: "இந்த முறை பாட்டியைக் கப்பலில் கூட்டிப் போகலாமா?"

சிங்கப்பூரிலிருந்தும் கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் புறப்படும் 3, 4 நாள் உல்லாசக் கப்பல் பயணங்களில் பினாங்குத் தீவு அடிக்கடி இடம்பெறுகிறது. விமானத்தில் ஏறப் பயப்படும் முதியவர்களும், நீண்ட பேருந்துப் பயணம் தாங்காதவர்களும் கப்பலை விரும்புகிறார்கள். அறை, சாப்பாடு, மின்தூக்கி எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அவர்களுக்கு வசதி.

ஆனால் தீவில் கிடைப்பது சில மணி நேரமே. கோயில், கொடிமலை, கெக் லோக் சி, கடற்கரை, நாசி கண்டார், செண்டோல் என்று பட்டியல் நீண்டால் பாதி நாள் காரிலேயே கழியும். கடைசியில் பாட்டி பார்க்க நினைத்த ஒரே இடம் விடுபட்டுப் போகும். ஆகவே இறங்கும் நாளைத் திட்டமிடும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது, மூத்தவர்களிடம் "எங்கே போகவேண்டும்?" என்று கேட்பதுதான். அந்த ஓர் ஆசையை நடுவில் வைத்து, மீதியை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.

கப்பல் ஏறும் இடம்

சிங்கப்பூரில் பயணக் கப்பல் முனையங்கள் இரண்டு உள்ளன. ஒன்று ஹார்பர்ஃபிரண்ட் பகுதியில் இருக்கிறது. மற்றொன்று 2012இல் திறக்கப்பட்ட மரினா பே முனையம். இவை இரண்டும் அருகருகே இல்லை. பயணச் சீட்டில் எந்த முனையம் குறிப்பிடப்பட்டுள்ளது என்பதை முதல் நாளே பார்த்து வைப்பது நல்லது. ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வருவோர் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடுமுறைக் காலத்தில் முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குவது பாதுகாப்பானது.

கிள்ளானில் பயணக் கப்பல் முனையம் இண்டா தீவில் இருக்கிறது. கிள்ளான் பட்டணத்துக் கொமுட்டர் நிலையத்தில் இறங்கினால் அங்கு நடந்து போக முடியாது. வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மணிக் கணக்கு

கப்பல் காலை 8 மணிக்குப் பினாங்கை அடைந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று அட்டவணையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு 9 மணி நேரம். உண்மையில் கையில் கிடைப்பது அவ்வளவு இல்லை.

கப்பல் கரையைத் தொட்டதும் யாரும் உடனே இறங்க முடியாது. அதிகாரிகளின் அனுமதி கிடைத்த பின்னரே கதவு திறக்கும். பெரிய கப்பல்கள் சிலவற்றில் 4,000 பேருக்கும் மேல் பயணம் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் இறங்கக் கிளம்பினால் வரிசை நீளும். குடிநுழைவுச் சோதனையையும் சேர்த்தால் வெளியே வர 9 மணி ஆகிவிடும்.

திரும்பும்போதும் இதே நிலைதான். 5 மணிக்குக் கப்பல் புறப்படும் என்றால் 5 மணிக்கு வந்து ஏறலாம் என்று பொருளல்ல. எல்லாரும் ஏறி முடித்திருக்க வேண்டிய நேரம் ஒன்று தனியாக அறிவிக்கப்படும். அது புறப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்கலாம். அன்றைய அறிவிப்புத் தாளிலோ கப்பலின் கைப்பேசிச் செயலியிலோ அதைப் பார்க்கலாம். அந்த நேரம் 4 மணி என்றால், 3.15க்குத் துறைமுகத்தில் இருப்பதே நிம்மதி.

ஆக, 9 மணி நேரம் ஆறேகால் மணி நேரமாகச் சுருங்குகிறது. அதிலிருந்து சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தால் மீதம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டு இடங்களை நிதானமாகப் பார்க்க இது போதும். நான்கு இடங்களுக்குப் போதாது.

இங்கே ஒரு எளிய விதி உதவும்: தொலைவில் உள்ளது முதலில், கப்பலுக்கு அருகில் உள்ளது கடைசியில். மதியத்துக்கு மேல் மழை பிடித்தாலும், சாலை நெரிசலில் கார் நின்றாலும், கடைசியாக இருக்கும் இடம் துறைமுகத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்தால் பதற்றமில்லை.

துறைமுகத்தைச் சுற்றி நடந்தே பார்க்க

பினாங்கின் வசதியே இதுதான். கப்பல் அணையும் சுவெட்டன்ஹாம் துறை, ஜோர்ஜ்டவுன் நகரின் முகப்பிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் கண்ணில் படுவது விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு 60 ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூண்டு. ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் 60 அடி உயரம் கொண்டது. அதையடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் தரையிறங்கிய இடம் இது.

அங்கிருந்து 10, 15 நிமிட நடையில் லிட்டில் இந்தியா வந்துவிடும். தமிழர்கள் கடைத்தெரு என்று அழைத்துவந்த மார்க்கெட் ஸ்திரீட்டில் பூக்கடை, துணிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் வரிசையாக உள்ளன. குவீன் ஸ்திரீட்டில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர் தலைவர் காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் மசூதி இருக்கிறது. சூலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் சந்திக்கும் இடத்தில் நாகூர் தர்கா உள்ளது. கடலோடிகளும் வணிகர்களும் நாகூர் ஆண்டவரின் நினைவாக எழுப்பிய இடம் அது. கோயில், மசூதி, தர்கா மூன்றையும் ஒரு மணி நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் மசூதியைச் சுற்றிப்பார்க்கச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

ஜோர்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. நடக்க முடியாதவர்களுக்கு நகர மையத்தைச் சுற்றிவரும் இலவச கேட் பேருந்து இருக்கிறது. திரிஷாவில் செல்வதாக இருந்தால், ஏறுவதற்கு முன்பே மணிக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்மலை

மூத்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் தண்ணீர்மலை முருகன் கோயில்தான். தைப்பூசத்தின்போது ரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து புறப்பட்டு வரும் இடம். துறைமுகத்திலிருந்து காரில் சாதாரணமாக அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடைய 513 படிகள் ஏற வேண்டும். உடல் நலமுள்ளவர்கள் அரை மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். முதியவர்கள் நின்று நின்று ஏறினால் ஒரு மணி நேரம் பிடிக்கும். போக வர, ஏறி இறங்க, வழிபட என்று மூன்று மணி நேரம் ஒதுக்கினால் அவசரமில்லாமல் திரும்பலாம்.

மறக்கக் கூடாத ஒன்று, கோயில் நடை சாத்தும் நேரம். பொதுவாகக் கோயில்கள் மதியம் சாத்தப்பட்டு மாலையில்தான் மீண்டும் திறக்கும். 11.30 மணிக்கு அடிவாரத்தை அடைந்து, வெயிலில் படியேறி, மூடிய கதவைக் கும்பிட்டுத் திரும்புவது யாருக்கும் வருத்தமே. காலையில் இறங்குவோர் முதலில் தண்ணீர்மலைக்குச் சென்றுவிட வேண்டும். நடை திறந்திருக்கும் நேரத்தைக் கோயில் அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டுவிடுவது மேலும் நல்லது. விசேஷ நாள்களில் அது மாறும்.

முழங்கால் வலி உள்ளவர்களைப் படியேற வற்புறுத்த வேண்டாம். அதே சாலையில், தரைமட்டத்திலேயே, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. அங்கும் முருகனே மூலவர். இளையவர்கள் மலையேறும் நேரத்தில் மூத்தவர்கள் அங்கே அமர்ந்து தரிசனம் செய்யலாம். சற்று அப்பால், 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும் உள்ளது.

கொடிமலை

மலைமேல் முருகனைத்தான் பார்க்க வேண்டும், படியேற முடியாது என்போருக்கு இன்னொரு வழி உண்டு. ஆயர் ஈத்தாமிலிருந்து கொடிமலைக்கு இழுவை ரயில் செல்கிறது. 1923இல் தொடங்கிய இந்தச் சேவை 2011இல் புதிய ரயில்களுடன் மாற்றியமைக்கப்பட்டது. ஏறுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். உச்சியில் அருளொளித் திருமுருகன் கோயிலும் அதன் அருகே ஒரு மசூதியும் உள்ளன. மேல் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடக்க வேண்டும். கீழே உள்ளதைவிடக் காற்று குளிர்ச்சியாக இருக்கும்.

இங்கே சிக்கல் வரிசைதான். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் ஏறுவதற்கு ஒரு வரிசை, இறங்குவதற்கு இன்னொரு வரிசை. இரண்டாவது வரிசையைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. போக வர நான்கு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் மட்டுமே கொடிமலையைத் திட்டத்தில் வைக்கலாம். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடலாம். மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால் மைகாட், பிள்ளைகளின் மைகிட் அட்டைகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரர்கள் வெளிநாட்டவர் கட்டணம் செலுத்த வேண்டும். பேருந்தில் செல்ல விரும்புவோர் 204ஆம் எண் பேருந்தில் ஏறலாம். ஆனால் கப்பலுக்குத் திரும்பும் வேளையில் பேருந்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

தண்ணீர்மலை, கொடிமலை இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பது வீண் அலைச்சல். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே சரி.

மதியம் இறங்கினால்

எல்லாக் கப்பலும் காலையில் வருவதில்லை. சில கப்பல்கள் மதியம் வந்து இரவில் புறப்படும். அப்படியானால் திட்டத்தையும் மாற்ற வேண்டும். இறங்கியதும் கொடிமலைக்குச் செல்லலாம். மாலையில் நகருக்குத் திரும்பி, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் வழிபட்டு, கடைத்தெருவில் இரவு உணவை முடித்துக்கொண்டு நடந்தே கப்பலுக்குத் திரும்பலாம். வேலை முடிந்து வீடு திரும்புவோரின் வாகனங்கள் சாலையை நிறைக்கும் நேரத்தில் நகரத்துக்குள்ளேயே இருப்பது நல்லது.

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். குடை எப்போதும் பையில் இருக்கட்டும்.

சாப்பாடு

கப்பலில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. அதனால் காலையில் கப்பலிலேயே நன்றாகப் பசியாறிவிட்டு இறங்கினால் பணமும் நேரமும் மிச்சம். தீவில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் போதும். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடும் சைவ உணவகங்களும் உள்ளன. தமிழ் முஸ்லிம்கள் கூடைகளைக் காவடிபோல் தோளில் சுமந்து விற்றதிலிருந்து பிறந்த நாசி கண்டார் இந்த ஊரின் அடையாளம். புகழ்பெற்ற கடைகளில் மதியம் நீண்ட வரிசை நிற்கும். நேரம் குறைவாக இருப்போர் வரிசை இல்லாத கடையில் சாப்பிடுவதே புத்திசாலித்தனம்.

சைவம் சாப்பிடுவோர், கப்பலுக்கு முன்பதிவு செய்யும்போதே இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

ஆவணங்கள்

கிள்ளானில் ஏறி பினாங்கில் இறங்குவது உள்நாட்டுப் பயணம்தானே என்று மலேசியர்கள் கடப்பிதழை வீட்டில் விட்டுவிடக் கூடாது. கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்துக்கும் செல்லும். கடப்பிதழ் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சில கப்பல்களில் ஊழியர்கள் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் இறங்கும் நாளில் அதன் நகலையும் கப்பல் அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டவர்கள் மலேசியாவுக்குள் நுழைய இணையத்தில் வருகை அட்டையை நிரப்பும் முறை 2024 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்கு அந்த விலக்கு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்வோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர்களின் சிங்கப்பூர் விசா ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிப்பதா, பலமுறையா? ஒருமுறை விசாவில் வந்தவர் கப்பலில் வெளியேறினால், திரும்பும்போது சிங்கப்பூருக்குள் நுழைய முடியாமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சரிபார்க்க வேண்டும்.

விளம்பர விலையும் உண்மைச் செலவும்

விளம்பரத்தில் காணும் விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். தனியாகச் செல்பவருக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை, குளிர்பானம், இணையம் ஆகியவை தனி. அன்பளிப்புத் தொகை தலைக்கு, ஒவ்வோர் இரவுக்கும் கணக்கிடப்படும். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. சீட்டுப் பணம் எடுத்துப் பயணம் போகும் குடும்பங்கள் இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

கைப்பேசி இன்னொரு செலவு. கரையிலிருந்து விலகியதும் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்புக்குத் தானாக மாறிவிடலாம். அதன் கட்டணம் மிக அதிகம். ஏறியதும் எல்லாருடைய கைப்பேசியையும், குறிப்பாகப் பாட்டியுடையதையும், விமான நிலைக்கு மாற்றிவிட வேண்டும். பினாங்கில் இறங்கிய பிறகு மீண்டும் இயக்கலாம்.

முதியோரும் கைக்குழந்தைகளும்

கப்பல் ஏறும்போது பெட்டியை ஊழியர்களிடம் கொடுத்துவிட்டால் அது அறைக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம். நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி தேவையென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சக்கர நாற்காலிக்கும் அப்படியே. 24 வாரம் நிறைந்த கர்ப்பிணிகளையும் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றிக்கொள்வதில்லை.

அதே பயணத்தில் புக்கெட் இருந்தால்

பினாங்கில் கப்பல் துறையிலேயே அணையும். எல்லாத் தீவிலும் அப்படி இல்லை. தாய்லாந்தின் புக்கெட் தீவில், பாத்தோங் கரைக்கு வரும் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிடும். பயணிகள் சிறு படகில் மாறிக் கரைக்குச் செல்ல வேண்டும். அலை இருக்கும்போது படகில் காலெடுத்து வைப்பது முதியவர்களுக்குக் கடினம். படகுக்கான வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

அதைவிட ஆபத்தானது கடிகாரம். தாய்லாந்து நேரம் மலேசிய, சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்பதை அறிவிப்பில் சொல்வார்கள். கப்பல் மலேசிய நேரத்திலேயே இயங்க, கரையில் இறங்கியவரின் கைப்பேசி தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டால், அவர் 3 மணி என்று நினைக்கும்போது கப்பலில் 4 மணி ஆகியிருக்கும். கையில் கட்டும் கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருப்பது எளிய தீர்வு.

கப்பலைத் தவறவிட்டால்

கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாகக் கார் எடுத்துச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். அன்றைய அறிவிப்புத் தாளில் உள்ள துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணை இறங்குவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டால், தேவைப்படும்போது உதவும். தாமதமாகும் என்று தெரிந்தவுடனே அழைக்க வேண்டும்.

பெரிய குடும்பமாகச் செல்வோர் இரண்டு குழுவாகப் பிரிந்தால், சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் இறங்கும்போதே முடிவு செய்யட்டும். மணிக்கூண்டு எல்லாரும் எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய இடம்.

ரஜூலா வந்த துறைமுகம்

பினாங்குத் துறைமுகம் தமிழ்க் குடும்பங்களுக்கு வெறும் சுற்றுலா இடமன்று. 1926இல் சேவையைத் தொடங்கிய ரஜூலா கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கு வழியாக ஆள்களைக் கொண்டுவந்து சேர்த்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களே அதிகம். அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களாக வந்த பலர் தீவின் கிழக்குக் கரையை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தனிமைப்படுத்தி வைக்கப்பட்ட பிறகே, கெடாவுக்கும் பேராவுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

துறைமுகத்திலிருந்து சற்று நடந்தால் சுங்கத் துறையின் கோபுரக் கட்டடத்தைப் பார்க்கலாம். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையமாக அது ஒருகாலத்தில் இயங்கியது. இங்கே டிக்கெட் வாங்கி, ஃபெரியில் கடலைக் கடந்து, அக்கரையில்தான் ரயில் ஏறுவார்கள்.

சிறுபிள்ளையாக ரஜூலாவில் வந்து இறங்கியவர்கள் சிலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அத்தகைய ஒருவர் குடும்பத்தில் இருந்தால், காலையில் கப்பல் கரையை நெருங்கும் நேரத்தில் அவரை மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அன்றைக்கு முதல் நாளே கப்பல் வரவேற்பு மேசையில் தீவை நெருங்கும் நேரத்தைக் கேட்டுவைத்தால் போதும்.